வெட்டு மேசை – 9: அழிக்கும் முன்

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து ஸ்டுடியோக்களில் எடிட்டர்கள் கொஞ்சம் மூச்சு விடுகிற மாதம் அது. நிறைந்து கிடக்கும் ஹார்டு டிஸ்க்குகளில் கை வைப்பதும் அப்போதுதான். பழைய கல்யாண ஃபோல்டர்களை மொத்தமாக மார்க் செய்து டெலீட் அடித்தால் ஒரு நிமிடத்தில் இடம் கிடைத்துவிடும். அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

இட நெருக்கடி உண்மைதான். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். இரண்டு கேமரா தலா ஐந்து மணி நேரம் ஓடினால் 450 ஜிபி. டிரோன் கார்டையும் சேர்த்தால் ஒரு கல்யாணத்துக்கு அரை டெராபைட். எல்லாவற்றையும் என்றைக்கும் வைத்திருக்கச் சின்ன ஸ்டுடியோவால் முடியாது. எதை முதலில் அழிப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் போகவேண்டியது ராவான ஃபுட்டேஜ் அல்ல. எடிட்டிங் சாஃப்ட்வேர் தானாக உருவாக்கிய கேச், பிரிவியூ, பிராக்ஸி ஃபைல்கள்தான். மூலம் இருக்கும்வரை இவற்றை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். பல டிஸ்க்குகளில் இதைத் துடைத்தாலே கணிசமான இடம் திரும்பி வரும்.

அடுத்தது இரட்டைப் பிரதிகள். இங்கேதான் ஆபத்து. கார்டை ஃபார்மட் செய்ததும் பல கேமராக்கள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். சுசீந்திரம் தேரோட்டத்திலும் ஒரு சி0001 இருக்கும், கோட்டாறு சவேரியார் திருவிழாவிலும் ஒரு சி0001 இருக்கும். பெயர் ஒன்று என்பதற்காக ஒன்றை அழித்தால் தேர் போய்விடும். அளவும் தேதியும் பாருங்கள். முடிந்தால் செக்சம் ஒப்பிட்டுப் பாருங்கள். கார்டை இறக்கும்போதே ஆண்டு, மாதம், நாள், ஊர், நிகழ்ச்சி, எந்தக் கேமரா என்ற வரிசையில் ஃபோல்டருக்குப் பெயர் வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது. ஆண்டு முன்னால் வந்தால் கம்ப்யூட்டர் தானே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும்.

இன்னொரு சிக்கல், ஒரே காட்சி பல புராஜெக்ட்டுகளில் உட்கார்ந்திருப்பது. ஒரு கல்யாணத்துக்காக முட்டத்தில் எடுத்த டிரோன் ஷாட்டைப் பிறகு ஒரு சுற்றுலா வீடியோவில் சேர்த்திருப்போம். ஃபைல் கிடப்பதோ கல்யாண ஃபோல்டரில். கல்யாணத்தை அழித்த மறுநொடி சுற்றுலா டைம்லைனில் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்பாக வந்து நிற்கும். பிரீமியரில் புராஜெக்ட் மேனேஜர், டாவின்சியில் மீடியா மேனேஜ்மென்ட் என்று இதற்கென்றே வசதி இருக்கிறது. டைம்லைனில் பயன்பட்டதை மட்டும் தனியே திரட்டித் தரும். கடல், மலை, குளம், தெரு போன்ற பொதுக்காட்சிகளை எடுத்த அன்றே ஊர்ப்பெயரோடு தனி ஃபோல்டருக்கு மாற்றிவிடுவது அதைவிட நல்லது.

இத்தனைக்குப் பிறகுதான் ராவில் கை வைக்கவேண்டும். அப்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதை மறுபடி எடுக்க முடியுமா? 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். அதற்கு முன் எடுத்த, இரண்டு பாறைகளுக்கு நடுவே வெறும் கடல் தெரிகிற காட்சி எவ்வளவு சுமாராக இருந்தாலும் இனி யாராலும் எடுக்க முடியாது. கொடைவிழா வில்லுப்பாட்டு முழுதாகப் பதிவாகியிருந்தால் அதுவும் அப்படித்தான், பாடுகிறவர்கள் குறைந்துவருகிறார்கள். கல்யாண ராவில் மணமக்களைவிட, பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து பேசும் பெரியவர்கள் முக்கியம். "அண்ணே, அப்பா பேசினது எங்கயாவது கெடக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று வருஷங்கள் கழித்து ஒரு பிள்ளை போன் செய்யும். ஆல்பத்தில் அந்தக் குரல் இருக்காது, அதன்மேல் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ராவில்தான் இருக்கும். அதனால் எத்தனை மாதம் வைத்திருப்போம் என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். அழிக்கும் முன் அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். டிஸ்க் வாங்கித் தந்தால் நகல் எடுத்துக்கொடுங்கள்.

காட்சியைத் தொலைத்த வேதனையும் மீட்ட பெருமையும் இந்த மண்ணுக்கு உண்டு. மலையாளத்தின் முதல் கதைப்படமான 'விகதகுமாரன்' எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்தில் வாழ்ந்து 1975இல் மறைந்தவர். அந்தப் படத்தின் பிரதி எதுவும் இன்று இல்லை. சிறுவயதில் விளையாட்டாகச் சுருளை எரித்துவிட்டதாக அவர் மகனே பின்னாளில் சொன்னார். டேனியலின் உறவினரான நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து 1933இல் வெளிவந்த 'மார்த்தாண்ட வர்மா'வுக்கு வேறு கதி. சி.வி. ராமன் பிள்ளையின் நாவல் உரிமை பற்றிக் கமலாலயா புத்தக நிறுவனம் வழக்குப் போட, படப்பெட்டி முடங்கியது. தயாரிப்பாளருக்கு அது பேரிழப்பு. ஆனால் அழியாமல் கிடந்த அந்தப் பிரதியைத்தான் பல பத்தாண்டுகள் கழித்து பூனா தேசியத் திரைப்படக் காப்பகம் மீட்டெடுத்தது. 1964இல் தொடங்கிய அந்தக் காப்பகத்தைக் கட்டி வளர்த்த பி.கே. நாயருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். தென்னிந்திய மௌனப் படங்களில் ஏறக்குறைய முழுதாகப் பிழைத்திருப்பது நம்மூர்க்காரர் எடுத்த படம்.

கடைசியாக, குளச்சல், மணக்குடி, கொட்டில்பாடு பக்கத்துக்காரர்களுக்கு. 2004 சுனாமிக்கு முன் எடுத்த மினிடிவி கேசட்டுகள் இன்னும் சில அலமாரிகளில் இருக்கக்கூடும். பெயர் கல்யாணக் கேசட்தான். ஆனால் அலை கொண்டுபோன தெருக்களும் ஆட்களும் அதில் இருப்பார்கள். கடற்காற்றின் ஈரத்தில் டேப் பூஞ்சை பிடிக்கும். அதை ஓட்டும் கேமராவும் அருகிவருகிறது. ஒரு மணி நேரக் கேசட் கம்ப்யூட்டரில் 13 ஜிபிதான். இந்த ஆண்டே ஏற்றிவிடுங்கள், இரண்டு டிஸ்க்கில் போட்டு ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள், ஊரும் தேதியும் எழுதி வையுங்கள்.

(தொடரும்)