வாக்கின் அளவும் வாக்கின் வலிமையும்

மூன்றே பங்குதாரர்கள் உள்ள ஒரு நிறுவனத்தை எண்ணிப் பார்ப்போம். இருவரிடம் தலா 49 விழுக்காடு. மூன்றாமவரிடம் 2 விழுக்காடு மட்டுமே. பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் இருந்தால் தீர்மானம் நிறைவேறும் என்பது விதி. எவராலும் தனித்து வெல்ல இயலாது. எந்த இருவர் சேர்ந்தாலும் வெல்லலாம். ஆகவே 2 விழுக்காட்டினர் மற்ற இருவருக்கும் வலிமையில் சமமானவர். இனி, முதலாமவர் இரண்டாமவரிடமிருந்து 2 விழுக்காட்டை விலைக்கு வாங்கி 51ஐ எட்டிவிட்டார் எனக் கொள்வோம். மூன்றாமவரின் பங்கு ஒன்றுகூடக் குறையவில்லை. ஆயினும் அவருடைய வாக்கு செல்லாக்காசாகிவிட்டது.

இந்த வலிமையை அளக்கும் முறையொன்றை அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜான் பன்சாஃப் 1965இல் முன்வைத்தார். உறுப்பினர்கள் அணிசேரக்கூடிய எல்லா வழிகளையும் எழுதிக்கொள்ள வேண்டும்; ஒருவர் விலகினால் வெற்றி தோல்வியாக மாறும் அணிகள் எத்தனை என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையே அவருடைய வலிமை.

இக்கணக்கில் வியப்புக்குரிய விடை லக்சம்பர்க் நாட்டுக்குக் கிடைத்தது. 1958இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் அமைச்சர் மன்றத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி ஆகியவற்றுக்குத் தலா 4 வாக்குகள், பெல்ஜியம், நெதர்லாந்துக்குத் தலா 2, லக்சம்பர்க்குக்கு 1. ஆணையத்தின் முன்மொழிவு நிறைவேற 17இல் 12 வாக்குகள் வேண்டும். மற்ற ஐவரின் வாக்குகளை எப்படிக் கூட்டினாலும் இரட்டைப்படை எண்ணே வரும். 11 வரவே வராது. எனவே லக்சம்பர்க்கின் ஒற்றை வாக்கு அத்தகைய முடிவு எதையும் மாற்றியிருக்க முடியாது.

நாம் வாங்கும் பொருளுக்கெல்லாம் வரிவிகிதம் பரிந்துரைக்கும் ஜிஎஸ்டி மன்றத்திலும் இத்தகைய கணக்கு உண்டு. அரசமைப்பின் 279ஏ பிரிவின்படி, பதிவாகும் மொத்த வாக்கில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். மாநிலங்கள் அனைத்தும் ஒன்றுபட்டாலும் 66.67 விழுக்காடுதான், மத்திய அரசின் இசைவின்றி எதுவும் நிறைவேறாது. மத்திய அரசுக்கோ, வாக்களிக்கும் மாநிலங்களில் எட்டில் ஐந்து பங்கின் ஆதரவு போதும். சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பகுதிகளையும் சேர்த்து 31 உறுப்பினர்களும் வாக்களித்தால் 20 பேர் ஆதரிக்க வேண்டும். 12 பேர் எதிர்த்தால் தடுத்துவிடலாம். வழக்கமாக ஒருமித்த கருத்தையே நாடும் இம்மன்றம், 2019 டிசம்பரில் லாட்டரி மீதான வரிக்காக முதன்முறையாக வாக்கெடுப்பு நடத்தியது. 21 மாநிலங்கள் ஆதரித்தன, 7 எதிர்த்தன.

2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20 கோடி மக்கள் வாழும் உத்தரப் பிரதேசத்துக்கும், 6.1 லட்சம் மக்களைக் கொண்ட சிக்கிமுக்கும் இங்கே ஒரே மதிப்பு. மக்கள்தொகையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வலிமை அமைவதே நியாயம் என்று 1946இல் லயனல் பென்ரோஸ் வாதிட்டார். அவ்வளவுகோலின்படி உத்தரப் பிரதேசத்தின் வலிமை சிக்கிமைப்போல் 18 மடங்கு இருக்க வேண்டும். சிறு மாநிலங்களின் குரல் அமிழ்ந்துவிடாதிருக்கும் இன்றைய ஏற்பாட்டையும் குறைகூற எமக்கு மனமில்லை.

நிறுவனச் சட்டத்திலும் இந்த நான்கில் மூன்று உண்டு. சிறப்புத் தீர்மானத்துக்கு ஆதரவு வாக்குகள் எதிர்ப்பைப்போல் மும்மடங்கேனும் இருக்க வேண்டும். கணக்கில் வருபவை பதிவான வாக்குகளே. நாம் வாக்களிக்காதபோது பெரும் பங்குதாரரின் விகிதம் தானே உயர்கிறது. தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளில் மட்டும், மத்திய அரசு நீங்கலாக எவரும் எத்தனை பங்குகள் வைத்திருந்தாலும் 10 விழுக்காட்டுக்கு மேல் வாக்குரிமை செலுத்த இயலாது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் மின்னணு வாக்களிப்பு குறைந்தது மூன்று நாள்கள் திறந்திருக்கும். பொதுக்கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு முடிவடையும்.