ஆப்பிரிக்காவில் மலேரியா ஒழிப்பு

ஆப்பிரிக்காவில் மலேரியா ஒழிப்பு என்பது அக்கண்டத்து நாடுகளில் மலேரியா நோய் உள்ளூரில் பரவுவதை அறவே நிறுத்துவதற்காக மேற்கொள்ளப்படும் முயற்சிகளைக் குறிக்கும். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2023 ஆம் ஆண்டில் உலகெங்கும் மலேரியாவால் இறந்த ஏறத்தாழ 5,97,000 பேரில் 95 விழுக்காட்டினர் அவ்வமைப்பின் ஆப்பிரிக்க வலயத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆவர்.

வரலாறு

1955 இல் தொடங்கப்பட்ட உலகளாவிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் சகாராவுக்குத் தெற்கிலுள்ள பெரும்பாலான நாடுகள் சேர்க்கப்படவில்லை. இத்திட்டம் 1969 இல் கைவிடப்பட்டது. இப்பகுதியில் நோயைப் பரப்பும் முதன்மைக் கொசுவான அனோபிலிசு காம்பியே பெரும்பாலும் மனிதரையே கடிப்பதால், இங்கு நோய்ப்பரவலைத் தடுப்பது ஏனைய இடங்களைவிடக் கடினமாகும்.

மலேரியாவற்ற நாடுகள்

தொடர்ந்து மூன்று ஆண்டுகளாவது உள்ளூர்த் தொற்று ஏற்படாத நாட்டிற்கே உலக சுகாதார அமைப்பு சான்று வழங்குகிறது. ஆப்பிரிக்காவில் மொரிசியசு (1973), மொரோக்கோ (2010), அல்சீரியா (2019), கேப் வர்டி (2024), எகிப்து (2024) ஆகியவை இச்சான்றைப் பெற்றுள்ளன.

ஒழிக்கப்பட்ட நோய் மீண்டும் வரக்கூடும். மொரிசியசில் 1975 ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் மலேரியா மீண்டும் பரவியது. கேப் வர்டியில் 1967 இலும் 1983 இலும் நோய் ஒழிக்கப்பட்டது. எனினும் கொசுக் கட்டுப்பாடு தளர்ந்ததால் இருமுறையும் அது திரும்பியது.

தடுப்பு முறைகள்

பூச்சிக்கொல்லி ஊட்டப்பட்ட கொசுவலைகள், வீட்டுச் சுவர்களில் மருந்து தெளித்தல், ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துகள் ஆகியன முதன்மையான முறைகள். 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தவிர்க்கப்பட்ட மலேரியாத் தொற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கொசுவலைகளால் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. குழந்தைகளுக்கான ஆர்.டி.எசு,எசு, ஆர்21 ஆகிய தடுப்பூசிகளை உலக சுகாதார அமைப்பு முறையே 2021, 2023 ஆம் ஆண்டுகளில் பரிந்துரைத்தது.

சவால்கள்

- கொசுவலைகளில் பயன்படும் பைரித்திராயிடு வகைப் பூச்சிக்கொல்லிகளுக்குக் கொசுக்கள் எதிர்ப்பாற்றல் பெற்றுள்ளன.
- உருவாண்டா, உகாண்டா, தான்சானியா, எரித்திரியா ஆகிய நாடுகளில் ஆர்ட்டிமிசினினுக்குப் பகுதி எதிர்ப்பாற்றல் கொண்ட ஒட்டுண்ணிகள் உறுதிசெய்யப்பட்டுள்ளன.
- தெற்காசிய நகரங்களில் நீர்த்தொட்டிகளில் பெருகும் அனோபிலிசு இசுட்டீபன்சி கொசு 2012 இல் சிபூட்டியில் கண்டறியப்பட்டது. பின்னர் எத்தியோப்பியா உள்ளிட்ட நாடுகளுக்கும் பரவியது. மலேரியா பெரும்பாலும் நாட்டுப்புற நோயாக இருந்த கண்டத்தில், இக்கொசு நகர மக்களையும் நோய்க்கு உள்ளாக்கக்கூடும்.
- பல நாடுகளின் திட்டங்கள் வெளிநாட்டு நிதியைச் சார்ந்துள்ளன. 2025 இல் ஐக்கிய அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைப் பெருமளவில் குறைத்தது. கேப் வர்டியின் வரலாறு காட்டுவதுபோல, கட்டுப்பாட்டுப் பணி தடைப்படும் இடங்களில் நோய் மீண்டும் தலைதூக்கும்.