புறத்தழும்பும் அகச்சுவையும்

பெங்களூரில் வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்கு வெண்ணெய்ப் பழம் புதியதன்று. குடகிலிருந்தும் கீழ்ப் பழனி மலையிலிருந்தும் வரும் இக்கனியைப் பாலும் சர்க்கரையும் கூட்டி நம் குழந்தைகட்குக் கொடுக்கிறோம். ஆயினும் விலை மலிந்த பழமன்று அது. தேர்ந்தெடுப்பதில் தவறினால் நட்டம் நமதே. தோலில் வடுவைக் கண்டதும் ஒதுக்கிவிட்டு வழவழப்பான பழத்தையே நாம் நாடுகிறோம். சின்னாளில் அதனை அறுத்துப் பார்த்தால், சிலபோது உள்ளே கறுத்திருக்கிறது!

வடுக்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. இலைப்பேன் என்னும் மிகச் சிறிய பூச்சி பிஞ்சின் தோலைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சுகிறது. பிஞ்சு பருக்கப் பருக்க அவ்வடுவும் விரிந்து, முதலைத் தோல் போலப் பழுப்பு நிறச் சொரசொரப்பாகிறது. காற்றில் கிளையோடு உராய்ந்த காயின் தோல் ஆமை ஓடுபோல் வெடித்துக் காணும். இவையிரண்டும் தோலளவில் நிற்பவை, சதைக்குக் கேடில்லை. 1996ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் இலைப்பேன் இனம் ஒன்று புதிதாகக் காணப்பட்டது. அது பரவிய தோட்டங்களில், உண்ணத்தக்க கனிகளே வடுவின் பொருட்டுத் தரம் குறைக்கப்பட்டன.

அஞ்சத்தக்கவை வேறு. மழைக்காலத்தில் இளங்காயிற் பற்றும் ஒருவகைப் பூஞ்சணம், காய் பழுக்கும் வரை வெளித்தோன்றாது உறங்கிக் கிடக்கும். பழுத்தபின் கரும்புள்ளியாய்க் குழிந்து சதைக்குள் இறங்கும். வழவழப்பான பழம் நம்மை ஏமாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். பூச்சி துளைத்த இடத்திலோ சாறு கசிந்து வெண்பொடியாய் உறைந்திருக்கும். பெர்சிட்டால் என்னும் இனிப்புப் பொருளே அவ்வெண்மை, அது நஞ்சன்று. ஆனால் அதனடியில் துளை இருத்தல் கூடும். அத்தகைய பழத்தை அறுத்துப் பார்த்த பின்னரே உண்ணுதல் வேண்டும்.

ஆகவே, கடையில் விரலால் தடவிப் பாருங்கள். வடு உலர்ந்து, சுற்றிலும் காய் கெட்டியாயிருப்பின் தயங்காது வாங்கலாம். குழிந்து, மெத்தென்று அமுங்கினால் விட்டுவிடுங்கள். பழுக்கும்போது இயல்பாகவே கறுக்கும் இனங்களும் உண்டாதலின், நிறத்தை மட்டும் நம்புதல் ஆகாது. இப்பழம் மரத்தில் பழுப்பதில்லை. பறித்த பின்னரே பழுக்கும். எனவே கெட்டியான காயை வாங்கி வீட்டில் வைத்து, நாள்தோறும் பார்த்து, பழுத்தவுடன் உண்பதே நலம்.

தோல் வடுவுக்காக நல்ல பழத்தை நாம் தள்ளாதிருப்போமாயின், நம் பணமும் வீணாகாது. மலையில் பாடுபட்ட உழவரின் உழைப்பும் வீணாகாது.