கரண்டி யார் கையில்?

சொகுசுக் கப்பல்களில் பஃபே உணவைப் பயணிகள் தாங்களே எடுத்துக்கொள்வதா, ஊழியர்கள் பரிமாறுவதா? இந்தக் கேள்விக்கும் கடலை விட்டு வெகு தூரத்தில் இருக்கும் கோலார் தங்கவயலுக்கும் சம்பந்தம் உண்டு.

சாம்பியன் ரீப்ஸ் பக்கம் கொஞ்சம் வசதியான வீட்டுக் கல்யாணம் என்றால் இப்போதெல்லாம் சாப்பாடு இரண்டு விதமாக நடக்கிறது. முதல் நாள் மாலை வரவேற்பில் பஃபே: நீண்ட மேஜை, வெள்ளை விரிப்பு, ஆவி பறக்கும் பாத்திரங்கள், ஒரு முனையில் அடுக்கி வைத்த தட்டுகள். மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும் பந்தி: வாழையிலை, தண்ணீர் தெளிப்பு, சாம்பார் வாளியோடு ஓடும் இளைஞர்கள். கல்யாணம் ஒன்றுதான். சாப்பிடுகிறவர்களும் ஏறக்குறைய அவர்களேதான். கரண்டி இருக்கும் இடம் மட்டும் மாறிவிடுகிறது. காலையில் அது பரிமாறுகிற உறவுக்காரர் கையில் இருக்கிறது. மாலையில் சாப்பிடுகிறவர் கையில், அல்லது மேஜைக்குப் பின்னால் தொப்பி போட்டு நிற்கும் கேட்டரிங் பையனின் கையில்.

இதில் எது நல்லது என்று கல்யாண வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து வாதாடுவது சகஜம். அதே விவாதத்தை உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களும் பல ஆண்டுகளாக நடத்தி வருகின்றன. தமிழர்களுக்கும் அது இனி தூரத்து விஷயமில்லை. 2022 ஜூன் 4ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பலை முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். கடல் பார்க்கப் போகிறவர்களும் முதலில் விசாரிப்பது சாப்பாட்டைத்தான்.

வயிற்றுக்குள் ஒரு புயல்

ஒரு பெரிய சொகுசுக் கப்பலில் ஆயிரக்கணக்கானவர்கள் மூன்று வேளையும் ஒரே இடத்தில் சாப்பிடுகிறார்கள். ஒருவர் பிடித்த இடுக்கியை அடுத்தவர் பிடிக்கிறார். அவர் வைத்ததை அதற்கடுத்தவர். மேஜையில் இருக்கும் உணவு எவ்வளவு சுத்தமாகச் சமைக்கப்பட்டிருந்தாலும், கரண்டிக் காம்பு நூற்றுக்கணக்கான கைகளைச் சந்தித்துவிடுகிறது.

இங்கேதான் நோரோவைரஸ் நுழைகிறது. 1968ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் பள்ளியில் பரவிய வாந்தி பேதியிலிருந்து அடையாளம் காணப்பட்ட கிருமி இது. ஊர்ப் பெயரே அதற்கும் வந்தது. மிகச் சில துகள்கள் உடலுக்குள் போனாலே போதும், ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும். கையில் தடவிக்கொள்ளும் ஆல்கஹால் திரவத்துக்கு இது அவ்வளவாக அடங்குவதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் மருந்து.

அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்காணிக்கிறது. பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வயிற்றுக் கோளாறு என்றால் நோய்ப் பரவல் என்று அறிவித்துப் பட்டியலில் போடுகிறது. 2024ல் இப்படி 18 சம்பவங்கள். பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நோரோவைரஸ். ஆனால் கப்பலை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பதிவாகும் நோரோவைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு சுமார் 1 சதவீதம்தான். பள்ளிகள், மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், விருந்துகள் ஆகியவற்றில் நடப்பது அதிகம். கப்பலில் கணக்கு எடுக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் யாரும் எடுப்பதில்லை.

நோய் தலைகாட்டினால் கப்பல்கள் முதலில் செய்யும் காரியம், பயணிகளின் கையிலிருந்து கரண்டியை வாங்கி ஊழியர்களிடம் கொடுப்பது. சில நிறுவனங்கள் பயணத்தின் முதல் ஓரிரு நாட்களுக்கு முன்னெச்சரிக்கையாகவே இப்படிச் செய்கின்றன. கொரோனாவுக்குப் பிறகு 2021ல் கப்பல்கள் மீண்டும் கிளம்பியபோது பலவற்றில் ஊழியர்களே பரிமாறினார்கள். பயம் தணிந்ததும் சுயசேவை திரும்பிவிட்டது.

ஊழியர் பரிமாறினால் என்ன லாபம் என்பதை 2020ல் ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி நிபுணர்களின் உதவியோடு சோதித்துப் பார்த்தது. 10 பேர் கலந்துகொண்ட பஃபே விருந்து. அவர்களில் ஒருவரின் கையில் மட்டும் விசேஷ விளக்கொளியில் ஒளிரும் சாயம் தடவப்பட்டது. அரை மணி நேரத்தில் சாயம் எல்லோர் கைக்கும் பரவியிருந்தது. மூன்று பேரின் முகத்திலும் ஒட்டியிருந்தது. ஊழியர் பரிமாறி, இடுக்கிகளை அடிக்கடி மாற்றி, கைகளையும் கழுவச் செய்தபோது பரவல் வெகுவாகக் குறைந்தது. யாருடைய முகத்திலும் சாயம் இல்லை.

சுகாதாரக் கணக்கு இத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் மற்ற கணக்குகள் உண்டு. ஊழியர் பரிமாறினால் வரிசை நகராது. ஆட்கள் அதிகம் தேவை. வீணாவது குறையும். தானே எடுத்துக்கொள்கிறவர் கண்ணால் பசித்துத் தட்டை நிரப்பிவிட்டுப் பாதியை விட்டுச் செல்வார். தவிர, கூச்சம் என்று ஒன்று இருக்கிறது. மேஜைக்குப் பின்னால் நிற்கும் முகம் தெரியாத ஊழியரிடம் இரண்டாவது முறை தட்டை நீட்டப் பலருக்கு மனம் வராது. பந்தியில் இந்தச் சங்கடம் இல்லை. பரிமாறுகிறவர் இலையைப் பார்க்கிறார். கேட்பதற்கு முன்பே வைக்கிறார். வேண்டாம் என்று கையை மறித்தாலும் ஒரு கரண்டி விழும்.

எச்சிலும் தீட்டும்

கப்பல்களின் சுகாதார விதிகளைக் கிராமத்துப் பாட்டியிடம் படித்துக் காட்டினால் இதில் என்ன புதுமை என்பார். பரிமாறும் கரண்டி இலையில் படக்கூடாது. சாப்பிட்ட கையால் பாத்திரத்தைத் தொடக்கூடாது. தண்ணீரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே சொல் உண்டு: எச்சில். வைரஸ் என்ற பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே, ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு எதுவோ போகிறது என்பதை இந்தச் சொல் எச்சரித்து வந்திருக்கிறது.

ஆனால் எச்சிலின் பக்கத்திலேயே இன்னொரு சொல்லும் உட்கார்ந்திருந்தது: தீட்டு. எச்சில் கையைப் பற்றியது, கழுவினால் போய்விடும். தீட்டு பிறப்பைப் பற்றியது. கழுவினாலும் போகாது என்று சொல்லப்பட்டது. இரண்டுக்கும் சுத்தம் என்ற ஒரே பெயரைச் சூட்டியதுதான் நம் பந்திகளின் பழைய குற்றம். யார் எந்தப் பந்தியில் உட்காரலாம், யார் பரிமாறலாம், யார் வெளியே காத்திருந்து மிச்சத்தை வாங்கிப் போக வேண்டும் என்பதெல்லாம் ஜாதியால் முடிவானது. 'பந்திக்கு முந்து' என்ற பழமொழி எல்லோருக்கும் பொருந்தியதில்லை.

தமிழகத்தின் அரசியலே ஒரு வகையில் சாப்பாட்டு வரிசையில் சூடு பிடித்தது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டது 1924-25ல் பெரும் சர்ச்சையாக வெடித்தது. பி. வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ. ராமசாமியும் எதிர்த்துக் கிளம்பினார்கள். ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம் என்ற வழக்கம் 1941ல்தான் ஒழிந்தது. பொது உணவு விடுதிகளில் யாரையும் ஜாதியின் பெயரால் தடுக்கக்கூடாது என்று 1950ல் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொன்னது. அதற்குப் பிறகும் தேநீர்க் கடைகளில் இரட்டை டம்ளர் ஒழிய வெகு காலம் பிடித்தது. ஒழியாத இடங்களும் உண்டு.

தங்கவயலின் கதை

சாம்பியன் ரீப்ஸுக்கு இந்த வரலாறு ஏட்டில் படித்ததல்ல. 1880ல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் தங்கம் தோண்டத் தொடங்கிய பிறகு வேலை தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளைச் சேர்ந்த தலித் மக்கள். ஊரில் கடைசிப் பந்திகூடக் கிடைக்காதவர்கள் அவர்கள். இங்கே வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பங்களா, கிளப், மேஜையில் பரிமாற பட்லர் எல்லாம் இருந்தன. தொழிலாளிக்கு வரிசை வீடும் தூக்குப் பாத்திரமும். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் திடீர் திடீரென்று பாறை வெடித்தது. அது யாருடைய ஜாதியையும் விசாரிக்கவில்லை.

கிராமத்தின் கட்டுப்பாடு அங்கே அவ்வளவாக எட்டவில்லை. கையில் கூலி இருந்தது. படிப்பகமும் சங்கமும் வந்தன. அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் பிற்காலத்தில் தங்கவயலிலிருந்துதான் மீண்டும் வெளிவந்தது. ஊரில் பந்திக்கு வெளியே நின்றவர்களின் பிள்ளைகள் இங்கே தாங்களே பந்தி போட்டார்கள், தாங்களே பரிமாறினார்கள். அதனால் சாம்பியன் ரீப்ஸ் பெரியவர்களுக்குப் பந்தி என்பது வெறும் பழைய சம்பிரதாயம் இல்லை. கஷ்டப்பட்டுப் பெற்ற மரியாதை.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிழைப்பு பெங்களூரு என்றாகிவிட்டது. மாரிகுப்பத்திலிருந்து கிளம்பி சாம்பியன், உரிகம் நிலையங்களைத் தாண்டிச் செல்லும் விடியற்காலை ரயில்களில் தினமும் நூறு கிலோமீட்டர் போய் இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். போகிற ஊரில் அவர்களுக்குக் கிடைப்பது தர்ஷினி. 1983ல் ஜெயநகரில் தொடங்கிய கஃபே தர்ஷினியைப் பார்த்து நகரெங்கும் முளைத்த, நின்றபடி சாப்பிடும் ஓட்டல்கள் இவை. முதலில் காசு, பிறகு சீட்டு. சீட்டை நீட்டினால் ஊழியர் இட்லியை வைத்துத் தருவார். வாங்கிக்கொண்டு போய் உயர மேஜையில் வைத்துச் சாப்பிடலாம்.

கவனித்தால், கப்பல்காரர்கள் விவாதிக்கும் இரண்டாவது முறை ஏறக்குறைய இதுதான். நடந்து போவது வாடிக்கையாளர். கரண்டி மட்டும் ஊழியர் கையில். 2013ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்திலும் 2017ல் பெங்களூரில் தொடங்கிய இந்திரா கேன்டீனிலும் இதே ஏற்பாடுதான். ஒரே வரிசை, ஒரே கரண்டி, எல்லோருக்கும் ஒரே அளவு. முன்னால் நிற்பவர் யார், பின்னால் நிற்பவர் யார் என்று கேட்பதில்லை. உபசாரம் இல்லை என்பது உண்மைதான். அவமானமும் இல்லை.

பரிமாறுகிறவர் யார்?

ஆனால் கரண்டியை ஊழியரிடம் கொடுத்துவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடாது. ஆபத்து அவர் பக்கம் நகர்கிறது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் 3,711 பேருடன் தனிமைப்படுத்தப்பட்டது. கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். பயணிகள் அறைக்குள் அடைந்துகிடந்தபோது வேளாவேளைக்குச் சாப்பாட்டை வாசலில் கொண்டு போய்க் கொடுத்தது ஊழியர்கள்தான். அவர்களுக்குத் தனி அறை இல்லை. முதலில் தொற்று உறுதியான 20 ஊழியர்களில் 15 பேர் உணவுப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்று பிறகு நடந்த ஆய்வு சொன்னது.

பயணியின் பாதுகாப்புக்காக ஊழியர் பரிமாறுகிறார் என்றால், ஊழியரின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? வயிறு சரியில்லை என்று அவர் சொன்னால் சம்பளத்தைப் பிடிக்காமல் ஓய்வு தர வேண்டும். இல்லையென்றால் அவர் சொல்ல மாட்டார். சொல்லாத நோய் கரண்டி வழியாகவே எல்லாத் தட்டுகளுக்கும் போகும். கையுறையும் தொப்பியும் இதற்கு ஈடாகாது.

இன்னொரு ஆபத்து நம் ஊருக்கே உரியது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூர் அரசுப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்துக்குச் சமைத்த பெண் தலித் என்பதால் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியரே பள்ளிக்கு வந்து எச்சரித்து, அவர் சமைத்ததைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கை கழுவியிருக்கிறதா என்பது நியாயமான கேள்வி. அந்தக் கை யாருடையது என்ற கேள்வியைத்தான் சேரன்மாதேவிக்கு நூறாண்டுகளுக்குப் பிறகும் சிலர் கேட்கிறார்கள்.

கப்பலுக்கான பதில் இதிலிருந்தே கிடைக்கிறது. நோய் இருக்கும்போதும் கூட்டம் புதிதாக ஏறும்போதும் ஊழியர் பரிமாறட்டும். மற்ற வேளைகளில் கை கழுவிவிட்டு வருகிறவர் தானே எடுத்துக்கொள்ளட்டும். எதைத் தீர்மானித்தாலும் கையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஆளைப் பார்த்து அல்ல.

சாம்பியன் ரீப்ஸ் கல்யாண வீட்டிலும் விவாதம் ஏறக்குறைய இப்படித்தான் முடிகிறது. இளைஞர்களுக்கு பஃபே பிடித்திருக்கிறது. வேண்டியதை வேண்டிய அளவு எடுக்கலாம், ரயிலுக்கு நேரமானால் ஓடலாம். முழங்கால் வலியோடு தட்டைப் பிடித்து நிற்க முடியாத பெரியவர்களுக்குப் பந்திதான் வசதி. இரண்டிலும் பரிமாறியவர்கள் சாப்பிடுவது கடைசியில். பந்தியில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எல்லோரும் எழுந்து போன பிறகு பரிமாறியவர்களை உட்கார வைத்து வீட்டுக்காரரே இலை போடுவார். பஃபே மேஜைக்குப் பின்னால் நிற்கும் கேட்டரிங் பையனுக்கு அப்படி இலை போடுகிறவர்கள் இன்னும் குறைவு.