120 நானோ நொடி நாடகம்

நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியின் முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நாலு பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டு, மின்விசிறி இரைச்சலோடு அப்பாவியாக உட்கார்ந்திருக்கும். உள்ளே நடப்பதோ அடிதடி!

100 கிகாபிட் இணைப்பில் 1,500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேற 120 நானோ நொடி ஆகும். அதற்குள் கண்ணாடி இழையில் ஒளி ஓடுவது சுமார் 24 மீட்டர். பாக்கெட்டின் தலை அவ்வளவு தூரம் போன பிறகுதான் வால் பெட்டியை விட்டு வெளியே வருகிறது. அந்த இடைவெளிக்குள் சிப் முடிவெடுத்தாக வேண்டும்: அடுத்து யார்?

ஒவ்வொரு போர்ட்டுக்கும் பொதுவாக எட்டு வரிசை. எந்த வரிசை என்பதை ஈதர்நெட் தலைப்பில் இருக்கும் மூன்றே பிட்கள் சொல்லும். இதில் ஒரு குறும்பு உண்டு. சாதாரணப் போக்குவரத்துக்கு எண் 0. 1 என்று போட்டால் அதைவிடக் கீழே! பின்னணியில் மெல்லப் போகட்டும் என்று விடும் வேலைக்கு உரியது 1. யார் வைத்த கணக்கோ, புதிதாக வருகிறவர்களைக் குழப்பியே தீரும்.

ஐபி பாக்கெட்டில் இதற்கென்று தனி முத்திரை. 1981-இல் எழுதிய விதியில் முன்னுரிமைகளுக்குப் பெயர்களே ராணுவ மிடுக்கில் இருந்தன: ‘இமீடியட்’, ‘ஃப்ளாஷ்’, ‘ஃப்ளாஷ் ஓவர்ரைடு’. 1998-இல் அதைக் கலைத்து ஆறு பிட், 64 குறியீடு என்று மாற்றினார்கள். குரல் அழைப்புக்கு வழக்கமாக 46. மிடுக்கெல்லாம் போச்சு!

சரி, எல்லாக் கணினியும் தன் நெற்றியில் 46 என்று எழுதிக்கொண்டால்? அதற்குத்தான் வாசலிலேயே சோதனை. நம்பத் தகாத இடத்திலிருந்து வரும் முத்திரையை முதல் ஸ்விட்ச்சே அழித்துவிட்டு, தர்ம தரிசன வரிசைக்கு அனுப்பிவிடும்.

மேல் வரிசையை மட்டுமே கவனித்தால் கீழே இருப்பது பட்டினி கிடக்கும். 1995-இல் ஆய்வாளர்கள் ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடித்தது: முறை வரும்போதெல்லாம் ஒவ்வொரு வரிசைக்கும் இத்தனை பைட் என்று ஒரு பங்கு, முன்னால் நிற்கும் பாக்கெட் பெரிதாக இருந்து பங்கு போதவில்லையா, அது அடுத்த முறைக்கு வரவு. அவ்வளவுதான்! கணக்கு எளிது என்பதால் வன்பொருளுக்குள் சிரமமில்லாமல் அடங்கிவிடும்.

இவ்வளவு வேகம் இருக்கும்போது வரிசையே எதற்கு என்று தோன்றும். பத்து சர்வர்கள் ஒரே நேரத்தில் ஒரே போர்ட்டைப் பார்த்து முழு வேகத்தில் பதில் அனுப்பட்டும், தெரியும். 16 மெகாபைட் நினைவகம் நிரம்ப 150 மைக்ரோ நொடிகூட ஆகாது. அப்புறம் பாக்கெட்டுகள் கீழே கொட்ட வேண்டியதுதான்.

கொட்டவே கூடாத சரக்குக்கு, 2011-இல் வந்த தரம் ஒன்று கைகொடுக்கிறது. நெரிசல் தெரிந்ததும் ஸ்விட்ச் தனக்கு அனுப்புகிறவரிடம் “இந்த வரிசையை மட்டும் நிறுத்து” என்கிறது. மற்ற ஏழும் ஓடும். அருமைதானே? ஆனால் 2016-இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தால் வயிறு கலங்கும். பழுதான ஒரே ஒரு நெட்வொர்க் அட்டை ஓயாமல் “நிறுத்து, நிறுத்து” என்று கத்தினால், அந்தக் கத்தல் ஸ்விட்ச் ஸ்விட்ச்சாகப் பின்னோக்கி ஏறி மொத்த வலையையே முடக்கிவிடும்! அதனால் அட்டையிலும் ஸ்விட்ச்சிலும் ஆளுக்கொரு காவல் நிரல் வைத்தார்கள். கத்தல் அளவுக்கு மீறி நீண்டால் அட்டையின் வாயை அடைப்பது ஒன்று. அந்தப் போர்ட்டுக்கு இருந்த ‘கொட்டாத’ சலுகையைப் பறிப்பது மற்றொன்று.