பிள்ளை தூங்காத வீடு

மாற்றுத்திறன் கொண்ட குழந்தையோடு மருத்துவமனைக்கு வரும் தாயிடம், நடக்கிறானா, பேச்சு வந்ததா, ஃபிட்ஸ் வருகிறதா என்று கேட்பார்கள். ராத்திரி எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. தாயும் தானாகச் சொல்வதில்லை. 'இந்தப் புள்ளை இப்படித்தான்' என்று வீட்டில் முடிவாகி வருடங்கள் ஓடியிருக்கும். அந்த முடிவு தவறு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தூக்கச் சிக்கல் உண்டு. மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளிடமும் மற்றக் குழந்தைகளைவிட அதிகம். ஆனால் பொதுவாக இருப்பதாலேயே அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. பல நேரம் அதன் பின்னால் சரிசெய்யக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது.

விடிந்தால் வேலை

சேலம் மாவட்டத்தில் எங்கள் வாழப்பாடிப் பக்கம் நாள் சீக்கிரம் தொடங்கிவிடும். பாக்கு உரிக்கப் போகிறவர்கள், குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போகிறவர்கள், சேகோ ஆலைக்குப் போகிறவர்கள் என்று எல்லோருக்கும் காலை நேரம் முக்கியம். பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கைதட்டிச் சிரித்தாலும், ஐந்து மணிக்கு அம்மா அடுப்பைப் பற்றவைத்தே ஆக வேண்டும். ஒரே அறை உள்ள வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் அக்காவும் சேர்ந்தே விழிப்பாள். வாடகை வீடென்றால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்ற பயம் வேறு. அப்பா லாரி ஓட்டுபவரானால், தூக்கம் கெட்ட உடம்போடு ஆத்தூர் சாலையில் ஸ்டியரிங் பிடிப்பது அவருக்கு மட்டுமான ஆபத்து அல்ல.

சொல்லத் தெரியாத வலி

பேச்சு வராத குழந்தைக்கு நள்ளிரவில் பல் வலித்தால் அழத்தான் தெரியும். மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், காது வலி என எதுவாக இருந்தாலும் வெளியே தெரிவது அழுகையும் முரண்டும்தான். அதை நாம் 'அடம்' என்கிறோம். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று தூங்காமல் போனால், முதலில் உடம்பைப் பாருங்கள். வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள்.

மூளை முடக்குவாதக் குழந்தைக்குத் தசை இறுக்கமே வலி. தானாகப் புரண்டு படுக்க முடியாததால் ஒரே பக்கமாகக் கிடந்து இடுப்பு வலிக்கும். முழங்காலுக்கு இடையே, முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துப் படுக்கவைக்கும் முறையை பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுப்பார். வயிறு நிறையப் பால் கொடுத்த கையோடு படுக்கவைக்க வேண்டாம். வலிப்பு உள்ள குழந்தைக்குத் தூக்கம் குறைந்தால் வலிப்பு கூடும், இரவில் வலிப்பு வந்தால் தூக்கம் கெடும். இந்தச் சுழலை மருத்துவரிடம் சொல்லித்தான் அறுக்க முடியும்.

டவுன் சிண்ட்ரோம் குழந்தையின் குறட்டையை 'அசந்து தூங்குகிறான்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கத்தில் மூச்சுக்குழல் அடைத்து, மூச்சு நின்று நின்று வருவது இவர்களிடம் மிகப் பரவலாக உண்டு. உட்கார்ந்தபடியோ, கழுத்தைப் பின்னால் வளைத்தோ தூங்குவதும் ஓர் அறிகுறி. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் அனைவருக்கும், குறட்டை இல்லாவிட்டாலும்கூட, நான்கு வயதுக்குள் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. பிள்ளை தூங்கும்போது போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் விளக்குவதைவிட அது அதிகம் சொல்லும்.

இன்னொன்று இரும்புச்சத்து. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் கால் குறுகுறுத்து, உதைத்துக்கொண்டே புரளும் பிள்ளைகள் உண்டு. ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுங்கள்

பிள்ளைக்குத் தூக்கம் வருவது பதினொன்றரைக்கு. நாம் படுக்கவைப்பது எட்டரைக்கு. இடையில் மூன்று மணி நேரம் போராட்டம். பாய் என்றாலே சண்டை என்று அதன் மனதில் பதிந்துவிடுகிறது. இதற்கு நேர்மாறான வழி ஒன்று இருக்கிறது. சில நாட்களுக்குப் பதினொன்றரைக்கே படுக்கவையுங்கள். ஆனால் காலையில் தினமும் ஒரே நேரத்தில் எழுப்பிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். எழுந்ததும் வாசல் வெயிலில் உட்காரவையுங்கள். பள்ளி விட்டு வந்து நாலு மணிக்கு மேல் தூங்க விடாதீர்கள். படுத்த கால் மணி நேரத்தில் தூங்கப் பழகிய பிறகு, சில நாட்களுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். வலிப்பு உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

ஆட்டிசக் குழந்தைக்கு அடுத்து என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்தால் மனம் அமைதியாகும். கைகால் கழுவுவது, சட்டை மாற்றுவது, பாய் விரிப்பது, விளக்கணைப்பது என்று உங்கள் வீட்டிலேயே படம் எடுத்து, பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். தினமும் அதே வரிசை. சாயங்கால டீயை நிறுத்துங்கள். படுக்க ஒரு மணி நேரம் முன்பே போனை வாங்கி வைத்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை வேலை முடிந்து வந்த தாய் தனியாகச் சமாளிக்க முடியாது. வீட்டில் இன்னொருவர் உடன் இருக்க வேண்டும்.

மருந்துக் கடைக்குப் போகும் முன்

சளி மருந்து கொடுத்தால் தூங்கும் என்று பலர் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சில குழந்தைகளுக்கு அதே மருந்து தூக்கத்துக்குப் பதிலாகத் துள்ளலைத் தரும். மூச்சடைப்பு உள்ள குழந்தைக்கு ஆபத்தும்கூட.

தூக்கத்துக்கான மெலடோனின் மருந்து பற்றி இப்போது பலரும் கேட்கிறார்கள். பிரிட்டனில் நரம்பு வளர்ச்சிக் குறைபாடு உள்ள 146 குழந்தைகளிடம் நடந்த, 2012-ல் வெளியான ஆய்வில், மெலடோனின் எடுத்தவர்கள் முக்கால் மணி நேரம்வரை சீக்கிரம் தூங்கினார்கள். ஆனால் காலையில் சீக்கிரம் எழுந்தும் விட்டார்கள். மொத்தத் தூக்கம் கூடியது சுமார் 22 நிமிடம்தான். தூங்கத் தொடங்குவதே சிரமமான பிள்ளைக்கு அது உதவும். நடுராத்திரியில் எழும் பிள்ளைக்கு அவ்வளவு உதவாது. மருத்துவர் எழுதினால் மட்டுமே கொடுங்கள். ஆயிரக்கணக்கில் விற்கும் கனமான போர்வைக்கும் பணம் போட வேண்டாம். 2014-ல் வெளியான ஆய்வில் ஆட்டிசக் குழந்தைகளின் தூக்கத்தை அது கூட்டவில்லை.

கதவும் கிணறும்

ராத்திரி எழுந்து கதவைத் திறந்து வெளியே போகும் பிள்ளைகள் உண்டு. ஆட்டிசக் குழந்தைகள் பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு. நம் பக்கம் காட்டுக்குக் காடு கிணறு இருக்கிறது, பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள், கதவில் மணி கட்டுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் பிள்ளையைப் பற்றிச் சொல்லி வையுங்கள். பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் கிணற்றடிக்கு ஓடுங்கள்.

அம்மாவும் தூங்க வேண்டும்

தொடர்ந்து தூங்காத தாய்க்கு மனச்சோர்வும் ரத்தக்கொதிப்பும் வரலாம். ஃபிட்ஸ் மருந்தின் அளவு தவறிப்போகலாம். வாரத்தில் இரண்டு இரவாவது அப்பாவோ பாட்டியோ சித்தியோ பிள்ளையோடு படுக்கட்டும், அம்மா வேறு இடத்தில் தூங்கட்டும். இது அவளுக்குச் செய்யும் தயவு அல்ல, பிள்ளைக்கான சிகிச்சையின் ஒரு பகுதி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே, அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவது பற்றிப் பேசுகிறது. கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையை வாங்காத வீடுகள், சேலத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மனம் தாங்காத இரவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.

சேலம் அரசு மருத்துவமனைக்கோ வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமோ போவதற்கு முன், ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தான், எப்போது தூங்கினான், எத்தனை முறை எழுந்தான், பகலில் எவ்வளவு தூங்கினான், என்ன மருந்து. பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டு, அம்மா தூங்கிய நேரத்தையும் எழுதுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் அதைக் காட்டுங்கள்.