நீக்கியது எத்தனை வரி?

கிட்ஹப் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2018 செப்டம்பரில் ஒரு செய்தி வெளியிட்டார்கள். தங்கள் தளத்தில், உலாவியில் ஓடும் நிரலிலிருந்து ஜேக்வெரி என்ற லைப்ரரியை முழுவதுமாகக் கழற்றிவிட்டோம் என்பதே அது. பயன்படுத்துவோருக்கு இதனால் புதிய வசதி எதுவும் கிடைக்கவில்லை. பக்கங்கள் முன்பு போலவேதான் தெரிந்தன. ஆனால் அந்த வேலைக்குப் பல ஆண்டுகள் பிடித்திருந்தன. உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் நிரலைக் கொண்டுவந்து வைக்கும் தளத்தை நடத்துகிறவர்களுக்கே இந்த நிலை!

ஜேக்வெரியைச் சேர்த்தது தவறான முடிவு என்று சொல்லிவிட முடியாது. ஜான் ரெசிக் 2006 ஜனவரியில் அதை அறிமுகப்படுத்தியபோது உலாவிகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு விதமாகவும் ஃபயர்ஃபாக்ஸுக்கு வேறு விதமாகவும் எழுத வேண்டும். பக்கத்தைப் புதுப்பிக்காமல் சர்வரிலிருந்து தகவல் வாங்குவதற்கும் அதே கதைதான். ஜேக்வெரி இந்த வேறுபாடுகளையெல்லாம் தனக்குள் விழுங்கிக்கொண்டு, நிரலாளர் கையில் ஒரேயொரு டாலர் குறியைக் கொடுத்தது. கிட்ஹப் 2007 இறுதியிலேயே அதைச் சேர்த்துக்கொண்டது. கூகுள் குரோம் பிறக்க அப்போது இன்னும் ஏறக்குறைய ஓராண்டு இருந்தது.

பிறகு உலாவிகள் மாறின. பக்கத்தில் ஓர் உறுப்பைத் தேடி எடுப்பது, அதன் தோற்றத்தை மாற்றுவது, அசையவைப்பது, சர்வரோடு பேசுவது எல்லாமே உலாவிக்குள் வந்து சேர்ந்தன. அதுவும் எல்லா உலாவிகளிலும் ஒரே விதமாக. பிரச்சினை போய்விட்டது, தீர்வு மட்டும் நிரலெங்கும் பரவிக் கிடந்தது.

கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1986இல் எழுதிய கட்டுரையில் மென்பொருளின் சிக்கலை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, எடுத்துக்கொண்ட பொருளோடு பிறந்தது. வருமான வரிச் சட்டத்தில் நூறு விதிவிலக்குகள் இருந்தால், வரி கணக்கிடும் மென்பொருளிலும் அந்த நூறு விதிவிலக்குகள் இருந்தே தீரும். இன்னொன்று, நாம் கையாளும் கருவிகளாலும் செய்யும் விதத்தாலும் வந்து ஒட்டிக்கொள்வது. இந்த இரண்டாம் வகையை வெறும் சோம்பலின் விளைவு என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதில் பெரும்பகுதி, வந்த காலத்தில் நியாயமான தீர்வாகவே வந்தது. காரணம் மறைந்த பிறகும் அது கிளம்பாமல் இருப்பதுதான் தொல்லை.

மெயர் லேமன் இதை விதியாகவே எழுதிவைத்தார். ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 இயங்குதளம் பதிப்புக்குப் பதிப்பு எப்படி வளர்ந்தது என்பதை ஆராய்ந்து 1970களில் அவர் சொன்னது இது: பயன்பாட்டில் இருக்கும் மென்பொருளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; மாற்ற மாற்ற அதன் சிக்கல் கூடும்; அதைக் குறைப்பதற்கென்று தனியாக உழைத்தால் ஒழிய அது குறையாது. இணையச் செயலிகள் அப்போது கற்பனையில்கூட இல்லை. வாரத்துக்குப் பல முறை மாறும் இன்றைய தளங்களுக்கு அந்த விதி இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

கிட்ஹப் பொறியாளர்கள் கையாண்ட வழி எளிமையானது. நம் ஊர்க் குழுக்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றப் போவதில்லை என்பதில் முதலிலேயே தெளிவாக இருந்தார்கள். புதிதாக எழுதும் நிரலில் ஜேக்வெரி கூடாது என்று மட்டும் விதி வைத்தார்கள். விதியை மனிதர்கள் நினைவில் வைத்திருப்பார்கள் என்று நம்பாமல், நிரலைப் படித்துப் பிழை சொல்லும் லின்ட்டர் என்ற கருவியிடம் காவலை ஒப்படைத்தார்கள். பழைய இடங்களில் 'இங்கே விலக்கு உண்டு' என்ற குறிப்பு வெளிப்படையாக எழுதப்பட்டது. யாராவது புதிதாக ஒரு விலக்குக் குறிப்பைச் சேர்த்தால், பாட் எனப்படும் தானியங்கி நிரல் ஒன்று உடனே குழுவுக்குத் தகவல் சொல்லும். மொத்த நிரலில் ஜேக்வெரி அழைப்புகளின் விகிதத்தை ஒரு வரைபடமாகப் போட்டுக் கவனித்தார்கள். கோடு கீழே இறங்கலாம், அப்படியே நிற்கலாம். மேலே மட்டும் ஏறக் கூடாது. லைப்ரரியின் எந்தப் பகுதிக்கு வேலை இல்லாமல் போகிறதோ அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும் கட்டித் தந்தார்கள். குடியிருந்துகொண்டே வீட்டைச் செப்பனிடுவது போன்ற வேலை இது: ஓர் அறை முடிந்த பிறகுதான் அடுத்த அறை, அடுப்பு ஒருநாளும் அணையக் கூடாது.

மொத்தமாக இடித்துக் கட்டியவர்களின் கதையும் நம்மிடம் இருக்கிறது. நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூல நிரலை 1998 மார்ச்சில் உலகுக்குத் திறந்துவிட்டது. அதே ஆண்டு இறுதிக்குள், பழைய நிரல் உருப்படாது, பக்கத்தை வரையும் இயந்திரத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதுவோம் என்று முடிவானது. நெட்ஸ்கேப் 6 வெளிவந்தது 2000 நவம்பரில். ஐந்தாம் பதிப்பு என்று ஒன்று வரவேயில்லை. இடைப்பட்ட காலத்தில் மைக்ரோசாஃப்ட் களத்தைக் கைப்பற்றிவிட்டது. அந்தப் புதிய நிரலிலிருந்துதான் பின்னால் ஃபயர்ஃபாக்ஸ் வளர்ந்தது, உண்மை. ஆனால் அதைப் பார்க்க நெட்ஸ்கேப் நிறுவனம் தனி நிறுவனமாக மிஞ்சவில்லை. பழைய நிரலின் அசிங்கமான வரிகளில் பல, யாரோ ஒருவர் ராத்திரியில் உட்கார்ந்து கண்டுபிடித்த பிழைக்கான மருந்து. இடிக்கும்போது மருந்தும் சேர்ந்து போகிறது.

சரி, எங்கே சிக்கல் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தாமஸ் மெக்கேப் 1976இல் ஓர் அளவுகோல் தந்தார். ஒரு செயற்கூறில் 'இப்படியானால் இது' என்று பிரியும் இடங்களை எண்ணி, ஒன்றைக் கூட்டுங்கள். உள்ளே எத்தனை தனித்தனி வழிகள் ஓடுகின்றன என்பதை அந்த எண் காட்டும். பத்தைத் தாண்டினால் பிரித்து எழுதுங்கள் என்றார் அவர். இன்றைய கருவிகள் இதை நொடியில் கணக்கிட்டுத் தந்துவிடும். ஆனால் இந்த எண்ணை வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. ஒரு கடைத் தளத்தில் டெலிவரி கட்டணம் போடும் செயற்கூறை எடுத்துக்கொள்வோம். கூடையில் பொருள் இருந்தால், அதற்குள் முகவரி சரியாக இருந்தால், அதற்குள் தொகை 500 ரூபாயைத் தாண்டினால் என்று ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்துபோகும். கடைசி வரியைப் படிக்கும்போது மேலே இருக்கும் எல்லா நிபந்தனைகளையும் மனத்தில் சுமக்க வேண்டும். அதையே திருப்பிப் போடலாம்: கூடை காலியா, இங்கேயே திரும்பு, முகவரி தவறா, இங்கேயே திரும்பு. மெக்கேப் எண் மாறவே மாறாது. படிப்பவரின் சுமை மட்டும் பாதியாகக் குறைந்துவிடும்.

எண்ணில் அகப்படாத இன்னொரு சிக்கல், கொடி மாறிகள். 'ஆம்', 'இல்லை' என இரண்டே மதிப்பு கொண்டவை. பார்க்க அப்பாவி. ஒரு பக்கம் தகவலுக்காகக் காத்திருக்கிறதா, பிழை வந்ததா, தகவல் கிடைத்ததா என்று மூன்று கொடிகள் வைத்தால் எட்டு நிலைகள் உருவாகின்றன. உண்மையில் இருப்பவை நான்குதான்: இன்னும் கேட்கவில்லை, காத்திருக்கிறது, கிடைத்தது, தோற்றது. மிச்ச நான்கும் இருக்கவே கூடாத நிலைகள். சில தளங்களில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு மேலே சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தியும் நிற்கும். அந்த நான்கில் ஒன்றை அப்போது நேரில் பார்க்கிறீர்கள். மூன்று கொடிகளுக்குப் பதிலாக நான்கு மதிப்புகளில் ஏதாவது ஒன்றை மட்டுமே ஏற்கும் ஒரு மாறியை வைத்தால், பொய் நிலைகளுக்கு இடமே இல்லை. பத்துக் கொடிகள் சேர்ந்தால் 1,024 நிலைகள். அவ்வளவையும் சோதித்துப் பார்த்த குழுவை நான் கண்டதில்லை.

இந்தக் கொடிகள் எங்கிருந்து முளைக்கின்றன? பெரும்பாலும் நல்ல எண்ணத்திலிருந்துதான். ஒரே மாதிரி இரண்டு செயற்கூறுகள் கண்ணில் படுகின்றன. ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுதாதே என்று கல்லூரியில் படித்திருக்கிறோம். இரண்டையும் ஒன்றாக்கி, இருக்கும் சின்ன வித்தியாசத்துக்கு ஒரு கொடி வைக்கிறோம். அடுத்த மாதம் இன்னொரு கொடி. ஓராண்டில் அந்தச் செயற்கூறைத் தொடவே எல்லோரும் பயப்படுகிறார்கள். தற்செயலாக ஒத்திருப்பவற்றைச் சேர்த்துக் கட்டுவதைவிட, இரண்டு பிரதிகளாக விட்டுவைப்பதே மேல்.

வெளியிலிருந்து வாங்கிப் போடும் நிரலுக்கும் இதே கணக்குத்தான். 2016 மார்ச் 22 அன்று லெஃப்ட்-பேட் என்ற 11 வரித் துண்டை அதன் ஆசிரியர் பொதுக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். வேறொரு தொகுப்பின் பெயர் பற்றிய தகராறில் வந்த கோபம் அது. எழுத்துச் சரத்தின் இடப்பக்கம் வெற்றிடமோ வேறு எழுத்தோ நிரப்புவது மட்டுமே அந்தத் துண்டின் வேலை. அதை நம்பியிருந்த பேபெல் போன்ற கருவிகளும், அவற்றை நம்பியிருந்த எண்ணற்ற தளங்களும் புதிய பதிப்பைக் கட்ட முடியாமல் நின்றன. சில மணி நேரத்தில் கிடங்குக்காரர்களே அதைத் திரும்ப வைத்தார்கள். அடுத்த ஆண்டே ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையில் அந்த வசதி சேர்ந்தது. லெஃப்ட்-பேடுக்கு வேலை முடிந்தது.

அப்படியானால் எதையும் வெளியே வாங்கக் கூடாதா? தாராளமாக வாங்கலாம். வாங்கியது எங்கெல்லாம் கை நீட்டுகிறது என்பதுதான் விஷயம். கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் 1972இல் ஒரு சிறிய நிரலை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் விதத்தில் வேலை நடக்கும் வரிசைப்படி பிரித்தார்: உள்ளீடு, வரிசைப்படுத்தல், வெளியீடு. இரண்டாவதில், பின்னால் மாறக்கூடிய முடிவு எது எது என்று பார்த்து ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் மறைத்தார். தகவலைச் சேமிக்கும் விதம் மாறினால், முதல் வகையில் எல்லாக் கூறுகளையும் தொட வேண்டும். இரண்டாவதில் ஒன்றைத் தொட்டால் போதும். இன்று ஒரு கடைத் தளம் பணம் வாங்கும் நிறுவனத்தை மாற்ற நாற்பது கோப்புகளைத் திறக்க வேண்டியிருந்தால், பார்னாஸ் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்று பொருள்.

சர்வரில் ஓடும் செயலியைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டால் எளிமை தானே வரும் என்ற நம்பிக்கை சில ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் தன் அமைப்பைப் பல துண்டுகளிலிருந்து ஒரே செயலியாகத் திரும்பச் சேர்த்து, செலவில் 90 சதவீதத்துக்கு மேல் மிச்சம் பிடித்ததை 2023இல் எழுதியது. அது ஒரு குழுவின் அனுபவம், எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

நம் ஐடி நிறுவனங்களில் 'சப்போர்ட் ப்ராஜெக்ட்' என்றாலே முகம் சுளிப்பார்கள். புதிதாகக் கட்டுகிறவருக்குப் பதவி உயர்வு. இருப்பதைக் குறைத்துச் சீர்செய்தவருக்கு நன்றி சொல்லும் மின்னஞ்சல்கூட வராது. ஆப்பிள் நிறுவனத்திலும் 1982இல் இந்தக் குழப்பம் வந்தது. வாரம் எத்தனை வரி எழுதினீர்கள் என்று லிசா கணினியை உருவாக்கிய குழுவின் மேலாளர்கள் படிவம் நீட்டினார்கள். அந்தக் குழுவின் நிரலாளர் பில் அட்கின்சன் அந்த வாரம் வரைகலை நிரலின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி, வேகத்தை ஏறக்குறைய ஆறு மடங்காக்கி, 2,000 வரிகளைக் குறைத்திருந்தார். படிவத்தில் -2,000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் அந்தப் படிவத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

நம் மேலாளர்கள் நிறுத்த வேண்டாம். அதே படிவத்தில், இந்த வாரம் எதையெல்லாம் நீக்கினீர்கள் என்று ஒரு கட்டம் சேர்க்கட்டும். அதற்கும் ஆண்டு மதிப்பீட்டில் மதிப்பெண் போடட்டும்.